விஞ்ஞானக் கண்காட்சி மேசையிலிருந்து பொறியியல் பீடம் வரை

பாடசாலை விஞ்ஞானக் கண்காட்சி என்றதும் நம்மவர்களுக்கு நினைவு வருவது ரெஜிபோமில் செய்த எரிமலைதான். வினாகிரியும் அப்பச்சோடாவும் சேர்ந்து நுரை தள்ளும். பக்கத்து மேசையில் பெட்டரியில் எரியும் சின்ன பல்ப், அதற்கடுத்ததில் சூரியக் குடும்பம். உம்மாவும் வாப்பாவும் இரவிரவாகக் குந்தியிருந்து ஒட்டிக் கொடுத்தவை அவை. பிரதம அதிதி வந்து நாடா வெட்டுவார், படம் எடுப்பார்கள், பின்னேரம் எல்லாவற்றையும் உரப்பையில் கட்டிக்கொண்டு வீட்டுக்குப் போவார்கள். மறுநாள் அந்த எரிமலையைப் பற்றி யாரும் கேட்பதில்லை.

இதைப் பார்த்தே பெற்றோர் பலர், "இதெல்லாம் படிப்பைக் கெடுக்கிற வேலை சேர், பிள்ளை பாஸ்பேப்பர் செய்யட்டும்" என்கிறார்கள். அவர்கள் கண்டது எரிமலையை மட்டும் என்றால் அவர்களில் பிழை சொல்ல முடியாது. ஆனால் விஞ்ஞானக் கண்காட்சிக்கு இன்னொரு முகம் இருக்கிறது. ஒரு பிள்ளை தன் ஊரில் உள்ள ஒரு சிக்கலை எடுத்து, அளந்து, ஒன்றைச் செய்து, அது பழுதாகி, திருத்தி, திருத்தியதை மற்றவருக்கு விளங்கப்படுத்துமானால், அந்தப் பிள்ளை செய்தது ஒரு பொறியியலாளரின் வேலை. பரிசு கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும் அந்த வேலையின் ருசி அதற்குத் தெரிந்துவிடும். 13, 14 வயதில் தெரிந்த அந்த ருசி பின்னால் எந்தத் துறைக்குப் போவது என்பதைத் தீர்மானிக்கும் அளவுக்கு வலுவானது என்பதையே இக்கட்டுரை எடுத்துக்காட்ட முனைகிறது.

ஒரு கம்பனி ஊரின் பிள்ளைகள்

பாடசாலை மாணவருக்கான பெரிய அளவிலான விஞ்ஞானக் கண்காட்சி அமெரிக்காவில் 1950ஆம் ஆண்டு பிலடெல்பியா நகரில் தேசிய மட்டத்தில் தொடங்கியது. 1958இல் வேறு நாட்டு மாணவரும் சேர, அது சர்வதேசக் கண்காட்சியாக வளர்ந்தது. இன்று ‘ஐசெஃப்’ என்று சுருக்கமாக அழைக்கப்படும் சர்வதேச விஞ்ஞான, பொறியியல் கண்காட்சி அதுவே. ஆண்டுதோறும் அறுபதுக்கும் மேற்பட்ட நாடுகளிலிருந்து ஆயிரத்தைத் தாண்டிய மாணவர்கள் அங்கே கூடுகிறார்கள்.

அந்தக் கண்காட்சியின் ஆரம்பகால வரலாற்றில் எங்களுக்கு மிக நெருக்கமாகத் தெரியும் கதை ஒன்று உண்டு. மேற்கு வேர்ஜினியா மாநிலத்தில் கோல்வுட் என்பது நிலக்கரிச் சுரங்க ஊர். வீடு கம்பனியுடையது, கடை கம்பனியுடையது, வேலை கம்பனியுடையது. பையன் வளர்ந்தால் தகப்பன் இறங்கிய சுரங்கத்தில்தான் இறங்குவான் என்பது அங்கே எழுதாத சட்டம். லயமும் பெக்டரியும் தோட்டக் காரியாலயமும் பார்த்து வளர்ந்த நமது சப்ரகமுவ வாசகருக்கு இந்த அமைப்பை விளக்கத் தேவையில்லை.

1957 ஒக்டோபர் 4ஆம் திகதி சோவியத் நாடு ஸ்புட்னிக் செய்மதியை ஏவியது. கோல்வுட் வானத்தில் அதைப் பார்த்த ஹோமர் ஹிக்கம் என்ற 14 வயதுப் பையன், நண்பர்களுடன் சேர்ந்து ரொக்கெட் செய்யத் தொடங்கினான். முதலாவது ரொக்கெட் வீட்டு வேலியை உடைத்தது. அடுத்தவற்றில் ஒன்று வெடிக்கும், ஒன்று சரிந்து ஓடும். அவனுடைய விஞ்ஞான ஆசிரியை ஃப்ரீடா ரைலி, ஏவுகணை வடிவமைப்புப் பற்றிய புத்தகம் ஒன்றைத் தேடிக் கொடுத்தார். அதை விளங்க நுண்கணிதம் வேண்டியிருந்தது. கணிதத்தில் பின்தங்கியிருந்த பையன், ரொக்கெட்டுக்காகக் கணிதம் படித்தான். சுரங்க வேக்‌ஷொப்பில் வேலை செய்த கைதேர்ந்தவர்கள் உலோகக் குழாயைக் கடைந்தும் ஒட்டியும் கொடுத்தார்கள். 1960இல் இண்டியனாபொலிஸ் நகரில் நடந்த தேசிய விஞ்ஞானக் கண்காட்சியில் அந்த வேலைக்குப் பதக்கம் கிடைத்தது.

ஹிக்கம் 1964இல் பொறியியல் பட்டம் பெற்றார். 1981 முதல் 1998 வரை நாசாவில் பொறியியலாளராக, விண்வெளி வீரர்களைப் பயிற்றுவிப்பவராகக் கடமையாற்றினார். அவர் எழுதிய நினைவுநூலே 1999இல் ‘ஒக்டோபர் ஸ்கை’ என்ற திரைப்படமானது. அந்தக் குழுவில் இருந்த பையன்கள் எல்லோருமே உயர்கல்விக்குப் போனார்கள்.

ரொக்கெட் எரிபொருள் விளையாட்டுப் பொருள் அல்ல. அதை எந்தப் பிள்ளையும் வீட்டில் செய்து பார்க்கக் கூடாது. இந்தக் கதையில் நாம் எடுக்க வேண்டியது மூன்று விடயங்கள். கணிதம் பிறகு வந்தது, தேவை முதலில் வந்தது. புத்தகம் தேடிக் கொடுக்க ஓர் ஆசிரியர் இருந்தார். ஊர்த் தொழிலாளியின் கைவேலை பிள்ளையின் படிப்புக்குள் வந்தது. இந்த மூன்றில் எதற்கும் பெரிய ஆய்வுகூடம் தேவைப்படவில்லை.

பதின்மூன்று வயதில் ஓர் எண்ணம்

ஒரு பையனின் கதையை வைத்து எல்லாப் பிள்ளைகளையும் அளக்கலாமா என்று வாசகர் கேட்கலாம். நியாயமான கேள்வி. 2006இல் ‘சயன்ஸ்’ என்ற ஆய்விதழில் ரொபர்ட் டாய் என்பவரும் அவருடைய சகாக்களும் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். அமெரிக்காவில் 1988இல் 8ஆம் தரத்தில் இருந்த மாணவரிடம், "30 வயதில் என்ன தொழில் செய்வாய் என்று எதிர்பார்க்கிறாய்?" என்று கேட்கப்பட்டிருந்தது. பிற்காலத்தில் பட்டம் பெற்றவர்களை அந்தப் பதில்களோடு வைத்துப் பார்த்தார்கள். விஞ்ஞானம் சார்ந்த தொழிலை எதிர்பார்த்த பிள்ளைகள், மற்றவர்களைவிட 3.4 மடங்கு அதிகமாகப் பௌதிக விஞ்ஞானத்திலோ பொறியியலிலோ பட்டம் பெறும் வாய்ப்புடையவர்களாக இருந்தார்கள்.

அதைவிட யோசிக்க வைக்கும் விடயம் ஒன்று அந்த ஆய்வில் உண்டு. கணிதத்தில் நடுத்தரமாக இருந்து, ஆனால் விஞ்ஞானத் தொழிலை எதிர்பார்த்த பிள்ளை அத்தகைய பட்டம் பெறும் நிகழ்தகவு 34 சதவீதம். கணிதத்தில் கெட்டிக்காரனாக இருந்து, வேறு தொழிலை எதிர்பார்த்த பிள்ளைக்கு அது 19 சதவீதம்தான். எண்ணம் மட்டும் போதும் என்று இதற்குப் பொருளல்ல. எண்ணம் இருந்தால் பிள்ளை அதற்கான பாடத்தை எடுக்கிறது, கஷ்டம் வந்தாலும் விடாமல் நிற்கிறது.

நம் பக்கத்து நிலைமையை இதோடு வைத்துப் பாருங்கள். கொடகவெல, இறக்குவானை, கஹவத்தை வட்டாரங்களில் தமிழ்மொழிமூலம் படிக்கும் பிள்ளையிடம் "என்னவாக வர விருப்பம்?" என்று கேட்டால் டொக்டர், டீச்சர், மௌலவி, பிஸ்னஸ், வெளிநாடு என்ற விடைகள் வரும். பொறியியலாளர் என்ற விடை எப்போதாவதுதான் வரும். காரணம் திறமைக் குறைவல்ல. டொக்டரை அந்தப் பிள்ளை கண்டிருக்கிறது, டீச்சரைத் தினமும் காண்கிறது. பொறியியலாளர் என்ன வேலை செய்கிறார் என்பதைக் காணவே இல்லை. காணாத தொழிலை எப்படி எதிர்பார்ப்பது? ஒரு கிழமையாவது அந்த வேலையைத் தன் கையால் செய்து பார்க்கும் வாய்ப்பைப் பாடசாலைக்குள் கொடுக்கக்கூடியது விஞ்ஞானக் கண்காட்சிதான்.

மழையை அளக்கும் ஒரு போத்தல்

எரிமலைக்கும் பொறியியலுக்கும் உள்ள வித்தியாசம் என்ன என்பதை ஓர் உதாரணத்தோடு சொல்வதுதான் நல்லது. நமது பகுதிக்கு மண்சரிவு புதிதல்ல. 2003 மே மாதமும் 2017 மே மாதமும் இரத்தினபுரி மாவட்டம் பட்ட பாடு எல்லோருக்கும் நினைவிருக்கும். 2014 ஒக்டோபர் 29இல் கொஸ்லந்தை மீரியாபெத்தையில் லயங்கள் புதைந்தன. 2016 மே 17இல் நமது மாகாணத்திலேயே அரநாயக்கவில் மலை சரிந்தது.

தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மழையை வைத்து மூன்று படிகளில் எச்சரிக்கை கொடுக்கிறது. 24 மணித்தியாலத்தில் 75 மில்லிமீற்றரைத் தாண்டினால் விழிப்பாக இருக்க வேண்டும். 100ஐத் தாண்டினால் வெளியேற ஆயத்தமாக வேண்டும். 150ஐத் தாண்டினால் வெளியேற வேண்டும். இந்த எண்களை வானொலியில் கேட்கிறோம். ஆனால் மலையில் ஒரு பக்கம் கொட்டும் மழை மறுபக்கம் இராது. உங்கள் வீட்டுக்கு மேலே உள்ள மலையில் இன்றிரவு எத்தனை மில்லிமீற்றர் பெய்தது? இதை அறிய வழி செய்வதைத் தன் கண்காட்சி வேலையாக 8ஆம் தரப் பிள்ளை ஒன்று எடுத்துக்கொண்டது என்று வைத்துக்கொள்வோம்.

முதல் யோசனை எளிது. ஒன்றரை லீற்றர் சோடாப் போத்தலின் மேற்பகுதியை வெட்டிவிட்டு, அதில் 10 சென்ரிமீற்றர் விட்டமுள்ள புனல் ஒன்றை வைப்பது. அடிமட்டத்தால் 75, 100, 150 மில்லிமீற்றருக்குக் கோடு போடுவது. அங்கேயே முதல் பிழை வந்துவிடும். புனலின் வாய் அகலம், போத்தலின் அகலத்துக்குச் சமமல்ல. போத்தலின் அடியும் மேடும் பள்ளமுமாக இருக்கும். ஆகவே அடிமட்டக் கோடு பொய் சொல்லும்.

இங்கேதான் கணிதம் உள்ளே வருகிறது. 10 சென்ரிமீற்றர் விட்டமுள்ள வட்டத்தின் பரப்பளவு ஏறத்தாழ 78.5 சதுர சென்ரிமீற்றர். அதில் 1 மில்லிமீற்றர் மழை விழுந்தால் சேரும் நீர் 7.85 மில்லிலீற்றர். அப்படியானால் 75 மில்லிமீற்றர் மழைக்கு 589 மில்லிலீற்றர், 100க்கு 785, 150க்கு 1178. ஒன்றரை லீற்றர் போத்தல் தாராளமாகப் போதும். புனல் 20 சென்ரிமீற்றராக இருந்தால் 150 மில்லிமீற்றருக்கு 4.7 லீற்றர் தேவைப்படும், சோடாப் போத்தல் நிரம்பி வழியும். வட்டத்தின் பரப்பளவு என்ற பாடம் பரீட்சைக்கு மட்டும் உரியது என்று நினைத்த பிள்ளைக்கு, அதுதான் புனலின் அளவைத் தீர்மானிக்கிறது என்பது இப்போது விளங்கும். இனி அடிமட்டம் வேண்டாம். அளவுச்சாடியால் நீரை அளந்து ஊற்றி, நீர் நிற்கும் இடத்தில் கோடு போட வேண்டும்.

இரண்டாவது, இரவில் யார் போத்தலைப் பார்ப்பது? கோடு வந்ததும் மணி அடிக்க வேண்டும். பிள்ளை இரண்டு கம்பிகளைக் கோட்டின் உயரத்தில் பொருத்தி, ஒரு ட்ரான்சிஸ்டர், ஒரு பஸர், ஒரு பெட்டரி இணைக்கிறது. நீர் கம்பிகளைத் தொட்டால் மின் பாயும், பஸர் அலறும். குழாய்த் தண்ணீரை ஊற்றிப் பார்த்தால் அலறுகிறது. வகுப்பு கை தட்டுகிறது. அடுத்த நாள் உண்மையான மழை. பஸர் முனகுகிறது, அல்லது சத்தமே இல்லை. ஏன்? மழைநீரில் கரைந்த உப்புக்கள் மிகக் குறைவு, அதனால் அது மின்னைச் சரியாகக் கடத்தாது. குழாய் நீரில் சரியாக இருந்தது மழைநீரில் தோற்றுவிட்டது. தவிர, சில நாளில் செப்புக் கம்பியில் பச்சை பிடிக்கும்.

எரிமலை செய்த பிள்ளைக்கு இந்த அனுபவம் கிடைக்காது. எரிமலை தோற்கவே தோற்காது, எப்போதும் நுரை தள்ளும். மழைப் போத்தல் தோற்றதால்தான் பிள்ளை யோசிக்கிறது. நீரின் கடத்தும் தன்மையை நம்பாமல், நீரின் மிதக்கவைக்கும் தன்மையைப் பயன்படுத்தினால் என்ன? ஒரு துண்டு ரெஜிபோமில் சிறிய காந்தம் ஒன்றைப் பொருத்தி மிதக்க விடலாம். காந்தம் கிட்ட வந்தால் மூடிக்கொள்ளும் ஆளி ஒன்று உண்டு. இலத்திரனியல் கடையில் ரீட் சுவிச் என்று கேட்டால் கொடுப்பார்கள். அதைப் போத்தலுக்கு வெளியே கோட்டின் உயரத்தில் ஒட்டினால், மிதவை அங்கே வந்ததும் பஸர் அடிக்கும். கம்பி நீரைத் தொடவே தேவையில்லை. எரிமலைக்கு அலங்காரமாக இருந்த ரெஜிபோமுக்கு இப்போது ஒரு தொழில் கிடைத்துவிட்டது!

மூன்றாவது, இது சரியாக அளக்கிறதா என்று எப்படி நம்புவது? தேயிலைத் தோட்டங்களில் அன்றன்று பெய்த மழையை அளந்து பதிவேட்டில் எழுதும் பழக்கம் நெடுங்காலமாக இருக்கிறது. தோட்டக் காரியாலயத்தில் அனுமதி கேட்டு, மழைமானிக்குப் பக்கத்தில் நமது போத்தலையும் வைத்து, ஒவ்வொரு நாளும் காலை 8.30க்கு இரண்டையும் வாசித்து எழுத வேண்டும். ஒரு மாதத்தில் ஒரு அட்டவணை கிடைக்கும். எத்தனை நாள் ஒத்துப்போனது, எத்தனை நாள் பிசகியது, பிசகிய நாளில் காற்றா, மரக்கிளையா, போத்தல் சரிந்ததா என்று காரணம் தேடலாம்.

இதில் ஒரு குறையும் இருக்கிறது. நேற்று 70, இன்று 70 பெய்தால் மணி அடிக்காது. ஆனால் மண் ஏற்கனவே ஊறிப்போயிருக்கும். நல்ல நடுவர் இதைக் கேட்பார். பிள்ளை அதை மறைக்காமல், "இந்தக் கருவி ஒரு நாள் மழையை மட்டும் சொல்லும், நிறுவனத்தின் எச்சரிக்கைக்கு இது பதிலாகாது" என்று சொல்லத் தெரிந்திருக்க வேண்டும். தன் கருவி எங்கே உதவாது என்று சொல்லத் தெரிந்தவரை நம்பித்தான் பாலமும் கட்டடமும் ஒப்படைக்கிறார்கள்.

கட்டுப்பாடும் தெருவும்

பணமும் இடமும் இல்லாததை நாம் எப்போதும் தடையாகவே சொல்லிப் பழகிவிட்டோம். பொறியியலில் கட்டுப்பாடு என்பது கேள்வியின் ஒரு பகுதி. தமிழ்நாட்டின் கரூர் மாவட்டத்துப் பள்ளப்பட்டியைச் சேர்ந்த ரிஃபாத் ஷாரூக் என்ற இளைஞரின் பெயர் 2017இல் உலகச் செய்திகளில் வந்தது. நாசாவோடு சேர்ந்து மாணவருக்காக நடத்தப்படும் ‘கியூப்ஸ் இன் ஸ்பேஸ்’ போட்டிக்கு, கையடக்கமான ஒரு கனசதுரத்துக்குள், 64 கிராம் எடைக்குள் ஒரு பரிசோதனையை அடக்கிக் கொடுக்க வேண்டும். அவர் ‘ஸ்பேஸ் கிட்ஸ் இந்தியா’ குழுவோடு சேர்ந்து காபன் இழை கலந்த பொருளால் முப்பரிமாண அச்சில் ஒரு சட்டகம் செய்து, உள்ளே உணரிகளை வைத்தார். அப்துல் கலாம் அவர்களின் பெயரால் ‘கலாம்சாட்’ எனப்பட்ட அது, 2017 ஜூன் 22ஆம் திகதி அமெரிக்காவின் வொலப்ஸ் தீவிலிருந்து சிறிய ரொக்கெட் ஒன்றில் சில நிமிடப் பயணம் போய் வந்தது. அதே குழுவின் அடுத்த கலாம்சாட் 2019 ஜனவரி 24இல் இந்தியாவின் பி.எஸ்.எல்.வி. ரொக்கெட்டில் சுற்றுப்பாதைக்கே போனது. 64 கிராம் என்ற எல்லைதான் ‘எந்தப் பொருளால் செய்வது?’ என்ற கேள்வியைப் பிறப்பித்தது.

திருவண்ணாமலையைச் சேர்ந்த வினிஷா உமாசங்கர் தெருவில் துணி அயர்ன் செய்பவரைப் பார்த்தார். அவர் கரி எரிக்கிறார், மிச்சத்தைக் கொட்டுகிறார். தினமும் எல்லோரும் காணும் காட்சிதான். சூரிய ஒளியில் இயங்கும் அயர்ன் வண்டி ஒன்றை அந்தப் பிள்ளை வடிவமைத்தார். 2020இல் சுவீடனின் சிறுவர் காலநிலைப் பரிசு கிடைத்தது. 2021இல் கிளாஸ்கோ காலநிலை மாநாட்டில் உலகத் தலைவர்கள் முன்னால் பேசினார்.

நமது தெருவில் என்ன இருக்கிறது? மாணிக்கக் குழியில் நீர் இறைக்கும் பம்பும், குழி இடியாமல் முட்டுக்கொடுக்கும் மரமும் இருக்கின்றன. தேயிலைப் பெக்டரியில் கொழுந்து வாட்டும் காற்றோட்டமும் ட்ரையரின் சூடும் இருக்கின்றன. மழைக்காலத்தில் காயாத றப்பர் ஷீட் இருக்கிறது. கொழுந்து மூட்டையை மலையிலிருந்து இறக்கும் பெண்ணின் முதுகுவலி இருக்கிறது. ஒவ்வொன்றும் ஒரு கண்காட்சி மேசைக்குப் போதுமான கேள்வி. வாப்பா குழியில் வேலை செய்தால், மாமா மோட்டார் வைண்டிங் செய்தால், அந்த வீட்டில் ஆய்வுகூடம் ஏற்கனவே இருக்கிறது.

எழுதவும் சொல்லவும் தெரிந்தவன்

ஹிஜ்ரி ஆறாம் நூற்றாண்டின் கடைசியில் தியார்பக்கிர் அரசவையில் பணிபுரிந்த அல்-ஜஸரி, 1206ஆம் ஆண்டளவில் பொறிமுறைக் கருவிகள் பற்றிய தன் நூலை முடித்தார். நீர்க் கடிகாரம், நீர் இறைக்கும் பொறி, தானாக இயங்கும் உருவங்கள் என்று ஐம்பது கருவிகள் அதில் உள்ளன. அவரைப் பற்றிப் பேசும்போது யானைக் கடிகாரத்தோடு நிறுத்திவிடுகிறோம். அவர் ஒவ்வொரு கருவிக்கும் படம் வரைந்து, உறுப்புக்களின் அளவையும் பொருத்தும் முறையையும் படிப்படியாக எழுதினார். அதனால்தான் எண்ணூறு வருடங்களுக்குப் பிறகும் அந்த நூலைப் பார்த்து அவற்றைத் திரும்பச் செய்ய முடிந்தது. எழுதாமல் விட்டிருந்தால் அந்த அறிவு அவரோடு போயிருக்கும்.

கண்காட்சிக்குப் போகும் பிள்ளையின் கையில் இருக்கும் நாட்குறிப்புக் கொப்பியும் இதே வேலைக்குத்தான். திகதி, செய்தது, நடந்தது, ஏன் அப்படி நடந்தது என்று நினைக்கிறது, நாளைக்கு மாற்றப்போவது. இவ்வளவுதான். இது தமிழ்ப் பாடம் படிப்பிப்பவரின் வேலையும்கூட. "பஸர் வேலை செய்யவில்லை" என்று எழுதும் பிள்ளையை, "மழைநீரில் பஸரின் சத்தம் குறைந்தது, குழாய் நீரில் குறையவில்லை" என்று எழுதப் பழக்குவது மொழிப் பயிற்சி. அந்த இரண்டாவது வசனத்துக்குள்தான் விடை ஒளிந்திருக்கிறது. வர்ணனை நிறைந்த கட்டுரைகளை மட்டும் எழுதவைக்கும் நாங்கள், உள்ளதை உள்ளபடி எழுதும் இந்த உரைநடைக்கும் இடம் கொடுக்க வேண்டும்.

ஐசெஃப் கண்காட்சியின் புள்ளித் திட்டத்தைப் பார்த்தால் பெற்றோருக்கு ஒன்று தெளிவாகும். மொத்தம் 100 புள்ளிகள். சிக்கலைத் தெரிவு செய்ததற்கு 10, வடிவமைப்புக்கும் முறைக்கும் 15, செய்து பரிசோதித்ததற்கு 20, புத்தாக்கத்துக்கு 20, முன்வைத்தலுக்கு 35. அந்த 35இலும் சுவரொட்டிக்கு 10தான். நடுவரோடு பேசும் நேர்முகத்துக்கு 25. இரவிரவாக ஒட்டிய அலங்காரத்தைவிட, "ஏன் இப்படிச் செய்தாய் மகள்?" என்ற கேள்விக்குப் பிள்ளை தன் வாயால் சொல்லும் பதிலுக்கே மதிப்பு அதிகம். வாப்பா செய்துகொடுத்த கருவியை விளங்கப்படுத்தப் பிள்ளையால் முடியாது. அதை நடுவர் ஒரு நிமிடத்தில் கண்டுபிடித்துவிடுவார்.

நமது நாட்டில் எந்தக் கதவுகள்

இலங்கையில் இதற்கான வழிகள் இருக்கின்றன. இலங்கைப் பொறியியலாளர் நிறுவனம், கல்வி அமைச்சு, தேசிய விஞ்ஞான மன்றம் ஆகியன சேர்ந்து நடத்தும் இலங்கை விஞ்ஞான, பொறியியல் கண்காட்சியில் தெரிவாகும் மாணவருக்கு ஐசெஃப் வரை போகும் வாய்ப்பு உண்டு. பொறியியலாளர் நிறுவனம் இளம் புத்தாக்குநர் போட்டியையும் நடத்தி வந்திருக்கிறது. 1979ஆம் ஆண்டின் 53ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் உருவான இலங்கைப் புத்தாக்குநர் ஆணைக்குழு ‘சஹஸக் நிமவும்’ என்ற கண்காட்சியை நடத்துகிறது. விண்ணப்பத் திகதிகளை அதிபரும் விஞ்ஞானப் பாட ஆசிரியரும் வலயக் கல்வி அலுவலகத்தில் வருட ஆரம்பத்திலேயே கேட்டு வைப்பது நல்லது. சுற்றுநிருபம் நம் கைக்கு வரும்போது கடைசித் திகதி தாண்டியிருப்பது வழமை.

கண்காட்சி மேசையிலிருந்து பொறியியல் வரைக்கும் பாதை ஒன்றல்ல, பல. உயர்தரத்தில் இணைந்த கணிதம், பௌதிகவியல், இரசாயனவியல் படித்துப் பேராதனை, மொறட்டுவ, ருஹுண, யாழ்ப்பாணம், தென்கிழக்கு போன்ற பல்கலைக்கழகங்களின் பொறியியல் பீடங்களுக்குப் போகலாம். 2013 முதல் உயர்தரத்தில் தொழில்நுட்பப் பிரிவு இருக்கிறது. அதில் பொறியியல் தொழில்நுட்பம் படித்தவர் தொழில்நுட்பப் பட்டத்துக்குப் போகலாம். பெலிஹுல்ஓயாவில் உள்ள சப்ரகமுவ பல்கலைக்கழகத்திலும் தொழில்நுட்ப பீடம் உண்டு. உயர்தொழில்நுட்பக் கல்வி நிறுவனங்களின் பொறியியல் டிப்ளோமா இருக்கிறது. வேலை செய்துகொண்டே படிக்கத் திறந்த பல்கலைக்கழகம் இருக்கிறது. முதல் தடவை பெறுபேறு சரிவராத பிள்ளைக்கும் கதவு மூடுவதில்லை.

பல்கலைக்கழக அனுமதியில் 40 சதவீதம் நாடளாவிய திறமைக்கும், 55 சதவீதம் மாவட்டச் சனத்தொகைக்கும், 5 சதவீதம் கல்வியில் பின்தங்கிய மாவட்டங்களுக்கும் ஒதுக்கப்படுகிறது. அந்தப் பின்தங்கிய மாவட்டங்களில் இரத்தினபுரியும் அடங்கும். அதாவது நமது மாவட்டப் பிள்ளைக்கென்று ஓர் இடம் இருக்கிறது. அந்த இடத்துக்குப் போட்டியிடத் தமிழ்மொழிமூலக் கணிதப் பிரிவு வீட்டுக்குக் கிட்ட இல்லாததே நமது பெரிய குறை. உயர்தரத்துக்காகப் பிள்ளையை வெளியூருக்கு அனுப்பப் பெற்றோர் துணிய வேண்டும். அந்தத் துணிவு சும்மா வராது. பிள்ளைக்கு இதில் உண்மையான ஆசையும் கையும் இருக்கிறது என்று கண்ணால் கண்ட தகப்பன்தான், "சரி, போய்ப் படி" என்பார். கண்காட்சி அந்தத் தகப்பனுக்கும் சேர்த்துத்தான்.

இது பெண்பிள்ளைகள் விடயத்தில் இன்னும் கூடுதலாகப் பொருந்தும். சாதாரண தரத்தில் கணிதத்துக்கு ஏ எடுத்த எத்தனையோ பிள்ளைகள், பக்கத்தில் கலைப்பிரிவுதான் இருக்கிறது என்பதற்காகக் கலைப்பிரிவில் இருக்கிறார்கள். கலைப்பிரிவு குறைந்ததல்ல, விரும்பிப் படித்தால் அதுவும் உயர்ந்ததே. விருப்பம் வேறொன்றாக இருந்தும் வழியில்லாமல் வந்து சேர்வதுதான் கவலை.

செய்யக்கூடியவை

பாடசாலை செய்யக்கூடியது முதலில் காலத்தை மாற்றுவது. கண்காட்சிக்கு இரண்டு கிழமை முன்னால் அறிவித்தால் எரிமலைதான் வரும். முதலாம் தவணையில் கேள்வியைத் தெரிவு செய்து, இரண்டாம் தவணையில் செய்து அளந்து, மூன்றாம் தவணையில் காட்டச் சொல்ல வேண்டும். எல்லாப் பிள்ளையையும் கட்டாயப்படுத்தவும் தேவையில்லை. விருப்பமுள்ள பத்துப் பேர் போதும். ‘தோற்றது எப்படி, திருத்தியது எப்படி’ என்பதற்குத் தனியாக ஒரு பரிசு வைத்தால் பிள்ளைகள் பழுதை மறைக்க மாட்டார்கள்.

ஊர் செய்யக்கூடியது அதைவிடப் பெரிது. வெல்டிங் பாஸ், மோட்டார் வைண்டிங் செய்பவர், பெக்டரியில் இயந்திரம் பார்ப்பவர் ஆகியோரை ஒரு நாள் பாடசாலைக்கு அழைக்கலாம். கோல்வுட் பையன்களுக்குக் கிடைத்த உதவி அதுதான். ஊரிலிருந்து போய்ப் பொறியியல் படித்தவர்களை லீவுக்கு வரும்போது பிள்ளைகளோடு உட்கார வைக்கலாம். பள்ளிவாசல் நிர்வாகங்களும் ஸக்காத் நிதியங்களும் ஏழை மாணவருக்குக் கொப்பியும் உடுப்பும் கொடுத்து வருகின்றன, அல்லாஹ் ஏற்றுக்கொள்வானாக. தகுதியுள்ள ஒரு பிள்ளை வெளியூரில் தங்கிக் கணிதப் பிரிவு படிக்க இரண்டு வருடச் செலவைப் பொறுப்பேற்பதையும் அந்தப் பட்டியலில் சேர்க்கலாம்.

பெற்றோர் செய்யக்கூடியது ஒன்றுதான், அது சற்றுக் கஷ்டமானது. பிள்ளையின் கருவி கோணலாக இருந்தாலும் கையை வைக்காமல் இருப்பது. பிள்ளை கேட்டால் கத்தரிக்கோலைப் பிடித்துக் கொடுக்கலாம், கேள்வி கேட்கலாம். ஒட்டிக் கொடுக்கக் கூடாது.

அடுத்த பருவமழை வரும்போது நமது பாடசாலையொன்றின் கூரைக்குப் பக்கத்தில் ஒரு சோடாப் போத்தல் மழையை அளந்துகொண்டு நிற்குமானால், அதைத் தினமும் காலை 8.30க்கு ஒரு பிள்ளை வாசித்து எழுதுமானால், அந்தக் கொப்பியே அதன் முதலாவது பொறியியல் ஆவணம். அதற்கு ஆகும் செலவு சில நூறு ரூபாய்தான். மிச்சத்துக்குத் தேவைப்படுவது நமது பொறுமை.